பொழுது சாய்ந்தால் அத்தை கேட்கும் ‘பத்தி’

கேள்வி: கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. என் மாமனார் ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். இந்த வருடம், 2025 தை மாதம் காலமானார். அத்தைக்கு 76 வயது. மாமா இருந்தவரை பட்டாளத்து வாழ்க்கையைப் பற்றி அத்தை வாய் திறந்ததே இல்லை. மே மாதம் பாகிஸ்தானோடு மோதல் நடந்தபோது, டிவியில் பஞ்சாபில் பதான்கோட் ஊரே விளக்கை அணைத்துவிட்டு இருட்டில் கிடப்பதைக் காட்டினார்கள். அன்றைக்கு ஆரம்பித்தது. பொழுது சாய்ந்தால் ஆசாரத்துக்கு (கூடத்துக்கு) வந்து ‘பத்தி, பத்தி’ என்கிறார். ஊதுபத்தி கொளுத்தி வைத்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறார். ஜன்னலுக்குப் போர்வை கட்டச் சொல்கிறார். வாசலில் கார் வந்து நின்றால் பொடக்காலிக்கு, அதாவது கொல்லைப்புறத்துக்குப் போய்விடுகிறார். 1971 பாகிஸ்தான் சண்டையின்போது மாமா எல்லையில் இருக்க, அத்தை கைக்குழந்தையோடு பதான்கோட் குவார்ட்டர்ஸில் தனியாக இருந்திருக்கிறார். அந்தக் குழந்தைதான் என் வீட்டுக்காரர். அந்தக் கதையை ஒருநாள் ஒருமாதிரியும் மறுநாள் வேறுமாதிரியும் சொல்கிறார். “தீபம் வெச்சு ரெண்டு நாள்ல வெளக்க அணைக்கச் சொல்லிட்டாங்க” என்கிறார். டிசம்பர் சண்டைக்கும் தீபத்துக்கும் என்ன சம்பந்தம், குழம்பிவிட்டார் என்கிறார் நாத்தனார். பழசைக் கிளறாதே, பேச்சை மாற்று என்கிறார் என் வீட்டுக்காரர். கல்லூரியில் படிக்கும் மகள், அப்பத்தா சொல்வதைப் போனில் பதிவு செய்ய வேண்டும் என்கிறாள். இது மறதி நோயின் ஆரம்பமா? பேச விடலாமா, தடுக்க வேண்டுமா?

– ஒரு மருமகள், ஈரோடு மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்தப் பத்தியைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் அத்தை ஊதுபத்தி கேட்கவில்லை. இந்தியில் பத்தி என்றால் விளக்கு. ‘பஸ்’ என்று சொல்லும்போது வருகிற ப-வைப் போட்டுச் சொல்லிப் பாருங்கள். “பத்தி பந்த் கரோ”, விளக்கை அணை. போர்க்கால இருட்டடிப்பில், ஒரு ஜன்னல் இடுக்கில் வெளிச்சம் தெரிந்தால்கூடக் காவல் சுற்றுகிறவர்கள் வெளியே நின்று சத்தம் போட்ட வார்த்தை அது. வடக்கே குவார்ட்டர்ஸில் இருந்த நம் ஊர்ப் பெண்கள் பலர் முதலில் கற்றுக்கொண்ட இந்தி வார்த்தைகளில் அதுவும் ஒன்று. ராணுவக் குடும்பங்களோடு வேலை செய்த வருடங்களில் இதை நான் நிறைய வாயிலிருந்து கேட்டிருக்கிறேன்.

அத்தை விளக்கை அணைக்கச் சொல்கிறார், நீங்கள் நெருப்பைப் பற்றவைத்து எதிரே வைக்கிறீர்கள். அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, அந்த வார்த்தை உங்களுக்குத் தெரிய வழியில்லை. இன்றைக்குச் சாயங்காலம் அவர் பத்தி என்றதும் எழுந்து போய் ஆசாரத்து விளக்கை அணையுங்கள். பக்கத்தில் வந்து உட்காருங்கள். பத்து நிமிடம் போதும். அதற்குப் பிறகு என்ன சொல்கிறார் என்று கேளுங்கள்.

அடுத்தது தீபம். உங்கள் நாத்தனாருக்கு இதைக் காட்டுங்கள். 1971-ல் கார்த்திகை மாதப் பௌர்ணமி டிசம்பர் 2-ம் தேதி வந்தது. பாகிஸ்தான் விமானங்கள் பதான்கோட் விமானத் தளத்தைத் தாக்கியது டிசம்பர் 3, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு மணிக்குக் கொஞ்சம் முன்னால். அமிர்தசரஸ், ஸ்ரீநகர் தளங்களும் அதே மாலையில் தாக்கப்பட்டன. கல்கத்தாவில் இருந்த இந்திரா காந்தி டெல்லி திரும்பி, நள்ளிரவு தாண்டி வானொலியில் பேசினார். ஆக, தீபம் வைத்து ஒன்றிரண்டு நாளில் விளக்கை அணைக்கச் சொன்னார்கள் என்று அத்தை சொல்வது அச்சு அசலாக நடந்தது. அவர் குழம்பவில்லை. பிள்ளை பெற்ற தேதியை நோம்பி, பண்டிகையை வைத்துக் கணக்குச் சொல்லும் தலைமுறை அது. சண்டையையும் அப்படித்தான் நினைவில் வைத்திருக்கிறார். அன்றைக்கு நிலா எப்படி இருந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பௌர்ணமிக்கு மறுநாள் அது. ஜன்னலுக்கெல்லாம் கறுப்புக் காகிதம் ஒட்டிய பிறகும் வாசலில் பகல் மாதிரி நிலா அடித்திருக்கும்.

சரி, மறதி நோயா என்ற கேள்விக்கு வருகிறேன்.

ஐம்பது வருடத்துக்கு முந்தைய கதையை ஒருவர் துல்லியமாகச் சொல்வதை மட்டும் வைத்து நோய் இருக்கிறது, இல்லை என்று சொல்ல முடியாது. மறதி நோயில் பழைய நினைவு ரொம்ப நாள் தங்கும், நேற்றைய நினைவுதான் முதலில் போகும். அதனால் இன்றைய நாளைப் பாருங்கள். காலையில் என்ன சாப்பிட்டார் என்று சொல்கிறாரா? மாத்திரையைச் சரியாக எடுக்கிறாரா? ரூபாய்க் கணக்கு தெரிகிறதா? பழகிய வழியில் தடுமாறுகிறாரா? அப்புறம் ஒன்று, இதுதான் முக்கியம். விளக்கை அணைக்கச் சொல்லும்போது, இது கோபிசெட்டிபாளையம், மாமா இறந்துவிட்டார், மகனுக்கு 54 வயது என்பதெல்லாம் அவருக்குத் தெரிகிறதா? தெரிந்தால் அவர் நினைவுகூர்கிறார். தெரியாமல், குழந்தை எங்கே, பதுங்கு குழி எங்கே என்று தேடினால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இரண்டு மூன்று நாளில் திடீரென்று இந்தக் குழப்பம் வந்தால் இன்னும் அவசரம். வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்றோ, உடம்பில் சோடியம் குறைவதோ, புதிதாகச் சேர்த்த ஒரு மாத்திரையோ இதைச் செய்யும், சரிசெய்துவிடலாம். கண்ணில் புரை, காது மந்தம் இருந்தால் அந்தி நேரம் யாருக்குமே தடுமாற்றம் தரும். அதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பி12, தைராய்டு இரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்யலாம்.

தூக்கத்தில் அலறி எழுந்தால், சாப்பாடு இறங்காமல் மெலிந்தால், ‘நானும் போய்ச் சேர்ந்துட்டாத் தேவல’ என்ற பேச்சு வந்தால் தள்ளிப்போடாதீர்கள். மாவட்ட அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. டெலிமானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416-ல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் எனக்கு வேறொன்று தோன்றுகிறது. 1963-ல் ராபர்ட் பட்லர் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் ஒரு கட்டுரை எழுதினார். வயதானவர்கள் பழங்கதை பேசினால் மூளை தளர்ந்துவிட்டது என்று மருத்துவர்களே நினைத்துக்கொண்டிருந்த காலம். வாழ்க்கையின் கடைசிப் பக்கத்தில் மனம் நடந்ததையெல்லாம் வெளியே எடுத்துப் பார்த்து அடுக்கிவைக்கும், அது அந்த வயதுக்குரிய இயல்பான வேலை என்று அவர் சொன்னார். அத்தை அந்த வேலையில்தான் இருக்கிறார் என்று நினைக்கிறேன். துணை போன துக்கம் ஒரு பக்கம். அதன்மேல் மே மாதத்து டிவி. அதே ஊர், அதே இருட்டு.

மாமா இருந்தவரை ஏன் பேசவில்லை என்று உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கிறது. எனக்கு இல்லை. அந்த வீட்டில் சண்டை என்றால் அது மாமாவுடையது. ஊருக்கு லீவில் வரும்போது ஒறம்பரை எல்லாம் திண்ணையில் கூடி அவரைத்தான் கேட்டிருப்பார்கள். பீரங்கி எப்படி இருக்கும், எத்தனை பேரைப் பிடித்தீர்கள் என்று. அத்தை உள்ளே அரிசிம்பருப்புக்குத் தாளித்துக்கொண்டிருந்திருப்பார். ‘ஏனுங் அம்மிணி, நீ அங்க எப்படி இருந்தே?’ என்று அவரை ஒருவர் கேட்டிருப்பாரா? இத்தனை வருடத்தில் நான் சந்தித்த ராணுவ வீரர்களின் மனைவிமார் பெரும்பாலும் சொன்னது, யாருமே கேட்டதில்லை என்பதுதான்.

அவருக்கென்று ஒரு போர் நடந்திருக்கிறது. அதை யாரும் எழுதிவைக்கவில்லை.

அக்டோபரிலேயே படைகள் எல்லைக்கு நகர்ந்துவிட்டன. குவார்ட்டர்ஸில் பெண்களும் குழந்தைகளும் மட்டும். பொழுதிருக்கவே சோறாக்கிவிட வேண்டும், இருட்டிய பிறகு அடுப்பு வெளிச்சம்கூட வெளியே தெரியக் கூடாது. உங்கள் அத்தை ராத்திரிச் சமையலை ஐந்து மணிக்கே முடிக்கச் சொல்கிற ஆள் என்றால், அது எங்கே தொடங்கிய பழக்கம் என்று இப்போது உங்களுக்குப் புரியும். வாசலில் பதுங்கு குழி வெட்டியிருப்பார்கள். சைரன் ஊதினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டும். குண்டுச் சத்தத்துக்குக் காதில் பஞ்சு வைக்கச் சொல்வார்கள். டிசம்பர் மாதத்துப் பஞ்சாப் குளிர், பவானித் தண்ணீரில் வளர்ந்த பெண்ணுக்கு அதுவே ஒரு தண்டனை.

அப்புறம் கடிதம். களத்தில் இருப்பவர்களுக்கு ஊர்ப்பெயர் போட்டு எழுத முடியாது. ஏ.பி.ஓ. என்கிற ராணுவத் தபால் நிலைய எண்தான் முகவரி, மேற்கே என்றால் 56 ஏ.பி.ஓ., கிழக்கே என்றால் 99 ஏ.பி.ஓ. வருகிற கடிதத்திலும் எங்கே இருக்கிறேன், என்ன நடக்கிறது என்று எழுதக் கூடாது. பிரித்துப் படித்துப் பார்த்த பிறகுதான் அனுப்புவார்கள். நலம், நலமறிய ஆவல், பையன் பால் குடிக்கிறானா, அவ்வளவுதான் இருக்கும். ஒரு அம்மா என்னிடம் சொன்னார், விஷயத்தைப் படிக்கமாட்டாராம், எழுத்தைத்தான் பார்ப்பாராம். எழுத்து நேராக இருந்தால் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், கோணலாக இருந்தால் முழங்காலில் வைத்து எழுதியிருக்கிறார், நடுவில் மை மாறினால் ஏதோ வந்து எழுந்து போய்விட்டுத் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். ஒரு இன்லேண்டு கடிதத்தை அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் இவர்கள்.

வாசலில் கார் நின்றால் பொடக்காலிக்குப் போகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். இதைப் படித்ததும் எனக்கு மனசு கனத்துவிட்டது. அந்த நாட்களில் நல்ல செய்தி தபாலில் வரும். கெட்ட செய்தி தந்தியாக வரும், இல்லையென்றால் ஜீப்பில் வரும். குவார்ட்டர்ஸ் வரிசைக்குள் ஒரு ஜீப் நுழைந்தால் எல்லா வீட்டிலும் மூச்சு நிற்கும். எந்த வீட்டு வாசலில் நிற்கப் போகிறது என்று. அத்தைக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன், அவர் சொல்லித்தான் தெரியணும். ஆனால் பொள்ளாச்சிப் பக்கத்து அம்மா ஒருவரை எனக்கு மறக்காது. 1965 போரில் அவர் கணவர் களத்தில் இருந்தார். நாலாவது தடவை வந்தபோது சொன்னார்: “ஜீப்பு எங்க ஊட்டத் தாண்டிப் போச்சுங் கண்ணு. அப்பாடான்னு இருந்துச்சு. நாலு ஊடு தள்ளி நின்னுச்சு. அப்புறம் அங்கிருந்து அழுகச் சத்தம். அந்த அப்பாடாவத்தான் இன்னும் முழுங்க முடியலீங்.”

நான் அப்போது வேலைக்குப் புதிது. “அது இயல்புதானுங்கம்மா, யாராயிருந்தாலும் அப்படித்தான் நினைப்பாங்க” என்று உடனே சொல்லிவிட்டேன். ஆறுதல் சொல்வதாக நினைத்தேன். அவர் முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அதற்குப் பிறகு இரண்டு மாதம் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நாற்பது வருடம் சுமந்த ஒன்றை அவர் இறக்கிவைத்தார், நான் ஒரு நொடியில் ஒதுக்கிவிட்டேன். உங்கள் அத்தை அப்படி ஏதாவது சொல்ல வந்தால், சமாதானம் சொல்ல அவசரப்படாதீர்கள். கையைப் பிடித்துக்கொண்டு சும்மா இருங்கள். அழுதால் அழட்டும். அவரே நிறுத்துவார். பிறகு தண்ணீர் கொடுங்கள்.

கதை ஒவ்வொரு தடவையும் மாறுகிறது என்கிறீர்கள். நினைவு பெட்டிக்குள் வைத்த துணி மாதிரி மடிப்புக் கலையாமல் இருப்பதில்லை. ஒவ்வொரு முறை சொல்லும்போதும் மனம் அதைப் புதிதாகக் கட்டுகிறது. உங்களுக்கும் எனக்கும் அப்படித்தான். ஒருநாள் பதுங்கு குழியில் இருந்தேன் என்பார், மறுநாள் கட்டிலுக்கு அடியில் இருந்தேன் என்பார். சண்டை ஒரு ராத்திரியில் முடிந்துவிடவில்லை. டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது 16-ம் தேதி, மேற்கே துப்பாக்கி ஓய்ந்தது 17-ம் தேதி இரவு எட்டு மணிக்கு. இரண்டு வார ராத்திரிகளில் இரண்டுமே நடந்திருக்கலாம். குறுக்கு விசாரணை மட்டும் வேண்டாம். ‘போன வாரம் வேற மாதிரி சொன்னீங்களே அத்தை’ என்ற ஒரு வாக்கியம் போதும், வாய் மூடிக்கொள்ளும்.

அந்த இரண்டு வாரத்தோடு அத்தையின் காத்திருப்பும் முடிந்திருக்காது, இதை உங்கள் வீட்டுக்காரருக்குச் சொல்லுங்கள். போர் நின்ற பிறகும் பல படைப்பிரிவுகள் பிடித்த இடத்திலேயே இருந்தன. இரு நாடுகளுக்கும் இடையே சிம்லா ஒப்பந்தம் 1972 ஜூலையில் வந்தது, படைகள் திரும்பி முடிய அந்த டிசம்பர் ஆனது. அதுவரை அப்பா முகத்தைக் குழந்தைக்குப் போட்டோவில் காட்டியிருப்பார். பழசைக் கிளறாதே என்று அவர் சொல்வதன் காரணம் எனக்குப் புரிகிறது, அம்மா அழுவதைப் பார்க்க எந்த மகனுக்கும் தாங்காது. ஆனால் அந்தக் கதையில் அவரும் இருக்கிறார். மடியில் இருந்த பிள்ளை அவர். ஒருநாள் அவரே போய், ‘அம்மா, நான் அப்ப அழுதனா?’ என்று கேட்கட்டும். நீங்களும் உங்கள் மகளும் நூறு கேள்வி கேட்டாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

மகள் பதிவு செய்ய ஆசைப்படுவது நல்ல விஷயம். ஆனால் முதல் நாளே போனை எடுத்து முன்னால் நீட்டக் கூடாது. இரண்டு மூன்று தடவை சும்மா கேட்கட்டும். பிறகு, ‘அப்பத்தா, இதப் பதிஞ்சு வெச்சுக்கட்டுங்களா?’ என்று அனுமதி கேட்கட்டும். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அந்தியில் வைக்காதீர்கள், காலை பத்து மணி வாக்கில், பலகாரம் சாப்பிட்டு முடித்து, முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல். டிவியும் மிக்சியும் ஓடக் கூடாது. ‘போர் எப்படி இருந்துச்சு?’ என்று கேட்டால் யாருக்கும் பதில் வராது. பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள், அவர்களோடு என்ன மொழியில் பேசினீர்கள், குழந்தைக்குப் பால் எங்கே வாங்கினீர்கள், முதல் சைரனில் அடுப்பில் என்ன இருந்தது, இப்படிக் கேட்க வேண்டும். மெட்ராஸ் ரெஜிமென்ட் மாதிரியான பிரிவுகளில் தமிழ், மலையாளம், தெலுங்கு, கன்னடம் பேசுகிறவர்கள் கலந்திருப்பார்கள், அவர்கள் குடும்பங்களும் ஒரே வரிசையில் இருக்கும். அந்தப் பெண்களுக்குள் இருந்த சிநேகத்தைக் கேளுங்கள். பயக் கதைகளுக்கு நடுவே அங்கேதான் சிரிப்பு வரும்.

அட்டாலியில் (பரணில்) மாமாவின் டிரங்குப் பெட்டி இருந்தால் அத்தை சம்மதத்தோடு இறக்குங்கள். பதக்கங்களைப் பாருங்கள். பஸ்சிமி ஸ்டார் இருந்தால் மேற்கு முனையில் பணி செய்தவர், பூர்வி ஸ்டார் என்றால் கிழக்கு முனை. சங்கிராம் மெடல் 1971-க்கு உரியது. சமர் சேவா ஸ்டாரோ ரக்ஷா மெடலோ இருந்தால் 1965-லேயே அவர் பட்டாளத்தில் இருந்திருக்கிறார். பெயரும் எண்ணும் பொறித்திருக்கும், பளபளப்பாக்குகிறேன் என்று தேய்த்து அழித்துவிடாதீர்கள். கடிதங்களுக்கு லேமினேஷன் வேண்டாம், கிழிந்த இடத்தில் செலோடேப்பும் வேண்டாம், இரண்டுமே பிறகு காகிதத்தைத் தின்றுவிடும். நிழலில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டு, சுத்தமான பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். எந்தக் கடிதத்தை நீங்கள் படிக்கலாம், எதைப் படிக்கக் கூடாது என்பது அத்தையின் முடிவு. இளம் கணவன் மனைவிக்கு எழுதியது அது. சிலதை எரித்துவிடு என்று சொன்னால்கூட எனக்கு ஆட்சேபம் இல்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குடும்ப ஓய்வூதியம் அத்தை பெயருக்கு மாறி வருகிறதா, வருடாந்திர உயிர்வாழ் சான்று கொடுத்தாகிவிட்டதா என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இந்த வருடம், 2025-ல், கார்த்திகை தீபம் டிசம்பர் 3-ம் தேதி வருகிறது. தேதியைப் பார்த்தீர்கள் அல்லவா? அத்தை அதை ஏற்கனவே கணக்குப் போட்டு வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். நாலு நாள் முன்னாலேயே போய்க் கேளுங்கள். எத்தனை விளக்கு வைக்கலாம், எங்கெங்கே வைக்கலாம், எத்தனை மணிக்கு ஏற்றலாம், கூட யார் இருக்கணும், எல்லாம் அவர் சொல்கிறபடி. தெருவில் பையன்கள் வேட்டு வைப்பார்கள் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சத்தம் எதிர்பாராமல் வரக் கூடாது. விளக்கே வேண்டாம் என்றால் அந்த ஒரு வருடம் வைக்காமல் விடலாம், சாமி கோபித்துக்கொள்ளாது. ஏற்றலாம் என்றால் முதல் விளக்கை அவர் கையாலேயே ஏற்றட்டும். உங்கள் வீட்டுக்காரர் அன்றைக்குப் பொழுதோட வீட்டில் இருக்கட்டும்.